மைலோ டின்னில் குலுக்கி எடுத்த பத்து கவுன்டர்

வாசகர் கேள்வி: அக்காவுக்கு வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணியாக வேலை செய்கிறேன். வயது 34, இரண்டு பிள்ளைகள். எந்தப் பங்கை வாங்குகிறோம் என்பது பெரிதில்லை, எப்போது விற்கிறோம், ஒன்றில் எவ்வளவு போடுகிறோம் என்பதுதான் பெரிது என்று படித்தேன். சோதித்துப் பார்க்க 2024 ஜனவரியில் புர்சா (மலேசியப் பங்குச் சந்தை) கவுன்டர்களின், அதாவது பங்குகளின், பெயரைச் சீட்டில் எழுதி, மைலோ டின்னில் போட்டுக் குலுக்கிப் பத்து எடுத்தேன். காகிதத்தில் மட்டும்தான், ஒவ்வொன்றிலும் 2,000 வெள்ளி. 8 சதவீதம் இறங்கினால் விற்பேன், 15 சதவீதம் ஏறினாலும் விற்பேன். விற்ற இடத்துக்கு இன்னொரு சீட்டு. ஜூன் கடைசி வரை 21 முறை விற்றதில் 12 லாபம், 9 நஷ்டம். மொத்தத்தில் ஏறக்குறைய 11 சதவீத லாபம். கையில் 20,000 வெள்ளி சேமிப்பு இருக்கிறது. இபிஎஃப் மூன்றாம் கணக்கிலிருந்தும் கொஞ்சம் எடுக்கலாம். ஆலை நண்பர்கள் ஐந்து பேர் ஆளுக்கு 2,000 தருகிறோம், சேர்த்துப் போடு என்கிறார்கள். மனைவிதான் “இது நாலு நம்பர் லாட்டரி எடுக்கிற மாதிரிதானே” என்று ஒரு வருடமாகத் தடுக்கிறார். நிஜப் பணத்தில் இறங்கலாமா?

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பங்குச் சந்தை பற்றி எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை “எந்தக் கவுன்டர் வாங்கலாம்” என்று மட்டும்தான் கேட்கும். நீங்கள் பணம் போடுவதற்கு முன் ஆறு மாதம் உட்கார்ந்து காகிதத்தில் எழுதிப் பார்த்திருக்கிறீர்கள். அந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதனால்தான் சோதனையில் உள்ள ஓட்டைகளை ஒன்றுவிடாமல் காட்ட நினைக்கிறேன்.

முதலில் டின்னையும் சீட்டையும் வைத்தே ஒரு கணக்கு. சந்தை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, விலை இங்கும் அங்கும் ஆடுகிறது, அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட சந்தையில் ஒரு பங்கு 8 சதவீதம் இறங்குவதற்கு முன் 15 சதவீதம் ஏறிவிடும் வாய்ப்பு 23இல் 8. கிட்டே இருக்கிற கோட்டைத் தொடுவது சுலபம், தூரத்தில் இருக்கிற கோட்டைத் தொடுவது கடினம், அதனால் வரும் கணக்கு இது. 23 சீட்டு எடுத்தால் 8 சீட்டு ஆளுக்கு 15 கொடுக்கும், 120. மீதி 15 சீட்டு ஆளுக்கு 8 எடுத்துக்கொள்ளும், அதுவும் 120. கையில் மிஞ்சுவது பூஜ்யம். கோடுகளை 5க்கும் 30க்கும் மாற்றிப் போடுங்கள், 10க்கும் 10க்கும் போடுங்கள், விடை மாறாது. விற்கும் விதி லாப நஷ்டத்தின் உருவத்தை மாற்றும். பல சின்ன நஷ்டமும் சில பெரிய லாபமுமாக வேண்டுமா, இல்லை அதற்கு நேர் எதிராக வேண்டுமா என்று நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் இல்லாத லாபத்தை விதியால் உண்டாக்க முடியாது.

அப்படியென்றால் உங்களுக்கு 21இல் 12 எப்படி வென்றது? கணக்குப்படி ஏழு, எட்டுதானே வென்றிருக்க வேண்டும்? காரணம் நீங்கள் தேர்ந்தெடுத்த ஆறு மாதம். சந்தையின் மொத்தப் போக்கைக் காட்டும் கோலாலம்பூர் கூட்டுக் குறியீடு 2023ஐ 1,455 புள்ளிக்குப் பக்கத்தில் முடித்தது. 2024 ஜூன் கடைசியில் 1,590. அதாவது 9 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். ஆற்றில் தண்ணீர் ஏறியபோது உங்கள் பத்துப் படகும் சேர்ந்து ஏறின. சீட்டுக் குலுக்காமல் குறியீட்டில் உள்ள பங்குகளையே வாங்கி வைத்துவிட்டுத் தூங்கியிருந்தாலும் அந்த 9 வந்திருக்கும்.

இன்னொன்று. புரோக்கர் செலவைக் கழித்ததாக நீங்கள் எழுதவில்லை. 2,000 வெள்ளிக்கு ஒரு தடவை வாங்கினால் கமிஷன் குறைந்தபட்சம் 8 வெள்ளி என்றே வைப்போம் (சில இடங்களில் இதைவிட அதிகம்), முத்திரை வரி ஆயிரத்துக்கு 1 வெள்ளி வீதம் 2 வெள்ளி, கிளியரிங் கட்டணம் 0.03 சதவீதம், 60 காசு. மொத்தம் 10 வெள்ளி 60 காசு. விற்கும்போதும் அதே அளவு. ஆக ஒரு சுற்றுக்கு 21 வெள்ளி, 21 சுற்றுக்கு 441 வெள்ளிக்கு மேல். இன்னும் விற்காமல் கையில் இருக்கும் பத்துக்கும் வாங்கிய செலவு உண்டு. இதையெல்லாம் கழித்தால் உங்கள் 11 சதவீதம் 8 சதவீதச் சொச்சமாகிவிடும். குறியீட்டைவிடக் குறைவு. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் படித்த கருத்து பொய்யில்லை. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1990களில் அமெரிக்காவில் டாம் பாஸோ என்ற நிதி மேலாளரும், வியாபாரிகளுக்குப் பயிற்சி கொடுத்த வான் தார்ப்பும் ஒரு சோதனை செய்தார்கள். நாணயத்தைச் சுண்டி, விழுவதைப் பொறுத்து வாங்குவது அல்லது ஷார்ட் அடிப்பது (விலை இறங்கினால் லாபம் வரும்படி முதலிலேயே விற்பது). விலை சாதாரணமாக ஒரு நாளில் ஆடும் அளவைப் போல மூன்று மடங்கு தள்ளி ஸ்டாப் வைப்பது, அதாவது நஷ்டத்தோடு வெளியேறும் விலையை முன்பே குறித்து வைப்பது. விலை சாதகமாகப் போகப் போக ஸ்டாப்பும் பின்னாலேயே வரும். ஒரு வியாபாரத்தில் மொத்தப் பணத்தில் 1 சதவீதத்துக்கு மேல் இழக்கக்கூடாது. அதில் லாபம் வந்தது, பெரிய லாபமில்லை. ஆனால் அவர்கள் சோதித்தது ஃபியூச்சர்ஸ் (பிற்காலத் தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) சந்தைகளில். பத்துச் சந்தை, ஒன்றுக்கொன்று அதிகத் தொடர்பில்லாதவை, ஏறினாலும் சம்பாதிக்கலாம், இறங்கினாலும் சம்பாதிக்கலாம், நீண்ட தூரம் ஒரே திசையில் ஓடும் பழக்கம் உள்ளவை. உங்கள் டின்னில் இருந்ததோ ஒரே நாட்டுச் சந்தையின் பங்குகள், அதுவும் ஏறினால் மட்டும் லாபம். அப்புறம், முக்கியமாக, அவர்கள் லாபத்துக்கு எல்லை வைக்கவில்லை.

உங்கள் 15 சதவீத எல்லைதான் எனக்குப் பெரிய உறுத்தல். ஹெண்ட்ரிக் பெசம்பைண்டர் என்ற பேராசிரியர் 1926 முதல் 2016 வரை அமெரிக்கச் சந்தையில் இருந்த ஏறக்குறைய 26,000 பங்குகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார். சந்தை மொத்தமாக உருவாக்கிய செல்வம் முழுவதும் 4 சதவீத நிறுவனங்களிலிருந்து மட்டுமே வந்திருந்தது. மற்றவை எல்லாம் சேர்ந்து அரசாங்கக் குறுகிய காலக் கடன் பத்திரம் கொடுக்கிற அளவுக்குத்தான் கொடுத்தன. குலுக்கி எடுப்பவனுக்கு எது அந்த நாலு என்று முன்கூட்டித் தெரியாது. ஒன்று தற்செயலாகக் கையில் வந்து மாட்டினால் அதைப் பிடித்து வைத்துக்கொள்வது ஒன்றே வழி. நீங்கள் 15இல் விற்றுவிடுகிறீர்கள்.

நீங்கள் செம்பனை ஆலையில் வேலை செய்பவர், இது உங்களுக்குச் சுலபமாகப் புரியும். நாற்றங்காலில் வளர்ச்சி குன்றிய செம்பனைக் கன்றைப் பிடுங்கி எறிகிறார்கள். அதற்காக, நன்றாக வளர்ந்த மரத்தை முதல் குலை வந்ததும் யாராவது வெட்டுவார்களா? எட்டில் வெட்டுவது கன்றைக் கழிப்பது, சரி. பதினைந்தில் விற்பது குலை தள்ளும் மரத்தை வெட்டுவது. லாப எல்லையை எடுத்துவிட்டு, விலை ஏற ஏற ஸ்டாப்பையும் மேலே நகர்த்துங்கள். இப்போது வென்றதைவிடக் குறைவான முறைதான் வெல்வீர்கள், பத்தில் மூன்று, நான்கு. மனதுக்குக் கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் 20 சதவீதம் ஏறிய பங்கு திரும்பி வந்து 5இல் ஸ்டாப்பைத் தொடும் நாட்கள் நிறைய வரும்.

எல்லாப் பங்குக்கும் ஒரே 8 சதவீதம் என்பதும் சரிவராது. புர்சாவில் 1 வெள்ளிக்குக் கீழே உள்ள கவுன்டருக்கு ஒரு பிட், அதாவது விலை நகரும் மிகச் சிறிய படி, அரைக் காசு. 12 காசுப் பங்குக்கு 8 சதவீதம் என்றால் ஒரு காசு, வெறும் இரண்டு பிட். காலை டீ குடித்து முடிப்பதற்குள் அது தொட்டுவிடும். அதே 8 சதவீதம் 10 வெள்ளி வங்கிப் பங்குக்கு 80 காசு, மாதக்கணக்கில் தொடாமலும் போகலாம். ஒரே விதி என்று நினைத்துக்கொண்டு இரண்டு வேறு விதிகளை நடத்தியிருக்கிறீர்கள். கடைசி 20 நாளில் அந்தப் பங்கின் அன்றாட உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையிலான வித்தியாசத்தைச் சராசரி எடுத்து, அதைப் போல மூன்று மடங்கு தள்ளி ஸ்டாப் வையுங்கள்.

எவ்வளவு வாங்குவது என்பது இதற்கு அப்புறம்தான் வரும். எனக்கு இந்த முழு விஷயத்திலும் மிக முக்கியமான பகுதி இது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 20,000இல் 1 சதவீதம், 200 வெள்ளி. ஒரு வியாபாரம் தப்பினால் நீங்கள் இழக்கத் தயாராக இருக்கும் தொகை இது. 12 காசுப் பங்கு நாளுக்கு ஒரு காசு ஆடுகிறது என்றால் ஸ்டாப் தூரம் 3 காசு. 200ஐ மூன்று காசால் வகுத்தால் 6,666, ஒரு லாட் (ஒரு தடவை வாங்கும் கட்டு) 100 பங்கு என்பதால் 6,600 பங்கு, 792 வெள்ளி. அதற்கு மேல் போகக்கூடாது. 10 வெள்ளிப் பங்கு நாளுக்கு 10 காசு ஆடினால் தூரம் 30 காசு. 200ஐ 30 காசால் வகுத்தால் 600 பங்கு, 6,000 வெள்ளி. இங்கே நில்லுங்கள்! மொத்தப் பணத்தில் 30 சதவீதம் ஒரே கவுன்டரில் போய்விடும். ஒரே ராத்திரியில் கெட்ட செய்தி வந்தால் 30 காசு ஸ்டாப் எந்த உதவியும் செய்யாது. அதனால் ஒரு கவுன்டரில் 15 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று இன்னொரு வேலி போடுங்கள். 3,000 வெள்ளி, 300 பங்கு. இரண்டு கணக்கில் எது சிறியதோ அதுதான் உங்கள் அளவு.

1 சதவீதம் ஏன் என்று கேட்பீர்கள். பத்தில் ஆறு நஷ்டமாகும் முறையில் 100 வியாபாரம் செய்தால், தொடர்ந்து பத்து நஷ்டம் எங்காவது ஓரிடத்தில் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. அரிதான விபத்து இல்லை இது. ஒவ்வொன்றிலும் 1 சதவீதம் வைத்தவனுக்கு அந்தப் பத்தில் போவது 10 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 5 சதவீதம் வைத்தவனுக்கு 40 போய்விடும், அதை மீட்க மீதிப் பணம் 67 சதவீதம் வளர வேண்டும். இரண்டு பேரும் எடுத்தது ஒரே சீட்டு. ஒருவர் அடுத்த மாதமும் விளையாட்டில் இருப்பார், மற்றவர் வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாமல் தவிப்பார். ஈப்போவில் நான் ரெமிசியராக (பங்குத் தரகராக) இருந்த காலத்தில் அப்படித் தவித்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். அவர்கள் வாங்கியதெல்லாம் மோசமான பங்கு இல்லை. அளவுதான் தப்பு.

இப்போது விற்பது பற்றி. காகிதத்தில் 8 சதவீதம் தொட்டதும் அதே விலையில் விற்றதாக எழுதியிருப்பீர்கள். நிஜத்தில் சந்தை காலை 9 மணியிலிருந்து 12.30 வரை, மதியம் 2.30 முதல் 5 வரை. அந்த நேரத்தில் நீங்கள் எடைமேடையில் லாரிக்குச் சீட்டுப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். குலை லாரிகள் வரிசையில் நிற்கும்போது போனைப் பார்க்க முடியுமா? முடியாது, பார்க்கவும் கூடாது. அதனால் உங்களுக்கு ஏற்ற விதி இதுதான்: மாலையில் முடிவு விலையைப் பாருங்கள், ஸ்டாப்புக்குக் கீழே போயிருந்தால் மறுநாள் காலை திறப்பு விலையில் விற்றதாக எழுதுங்கள். கொஞ்சம் அதிகம் இழப்பீர்கள், ஆனால் அது உண்மையான எண்ணாக இருக்கும்.

சோதனையை ஆறு வாரம் நீட்டியிருந்தால் ஒரு பாடம் கிடைத்திருக்கும். 2024 ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை. ஜப்பானில் நிக்கேய் ஒரே நாளில் 12 சதவீதத்துக்கு மேல் சரிந்தது, நம் குறியீடும் 4 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அன்று பத்துக் கவுன்டரும் சேர்ந்தேதான் விழும். ஒவ்வொன்றிலும் 1 என்று பத்து வைத்திருந்தால் மொத்த ஆபத்து 10 சதவீதம். அதனால் திறந்திருக்கும் எல்லா வியாபாரத்தின் ஆபத்தையும் கூட்டினால் 6 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வையுங்கள். இதைவிட மோசமான நாளும் உண்டு. புர்சாவில் ஒரு பங்கு ஒரு நாளில் எவ்வளவு இறங்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை வரை இறங்கி லிமிட் டவுன் ஆன கவுன்டரில் விற்க நூறு பேர் வரிசையில் நிற்பார்கள், வாங்க ஒருவரும் இருக்க மாட்டார். ஸ்டாப் வெறும் எழுத்தாகிவிடும். வியாபாரம் நிறுத்தி வைக்கப்பட்ட கவுன்டரும் அப்படித்தான்.

என் அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. 80களில் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து, நம்மவர்கள் முன்னேறுவதற்கு என்று சொல்லப்பட்ட ஒரு பங்கை வாங்கினார். அது சந்தையில் பட்டியலிடப்படாத பங்கு. நல்ல வருடத்திலும் விற்க முடியவில்லை, கெட்ட வருடத்திலும் விற்க முடியவில்லை. பத்திரம் இரும்புப் பெட்டியிலேயே மஞ்சளாகிப் போனது. வாங்குவதற்கு முன் “வேண்டாம் என்றால் இதை யாரிடம், என்ன விலைக்கு விற்பேன்” என்ற கேள்வியை அன்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உங்கள் டின்னுக்கும் அந்தக் கேள்வியைப் போடுங்கள். ஒரு நாளில் சில ஆயிரம் வெள்ளிக்குக்கூடக் கைமாறாத கவுன்டர், பிஎன்17 பட்டியலில் (பண நெருக்கடியில் உள்ள நிறுவனங்களின் பட்டியல்) உள்ளது, தவணை முடிந்தால் செல்லாமல் போகும் வாரண்டுகள், இவற்றின் சீட்டை ஆரம்பத்திலேயே எடுத்துவிடுங்கள். குலுக்கிய பிறகு “இது வேண்டாம்” என்று ஒதுக்கினால் அது குலுக்கல் ஆகாது.

பணத்துக்கு வருவோம். நண்பர்களின் 10,000 வெள்ளியைத் தொடாதீர்கள். பிறர் பணத்தை வாங்கி அவர்களுக்காக முதலீடு செய்து நடத்த 2007ஆம் ஆண்டு மூலதனச் சந்தை, சேவைச் சட்டப்படி உரிமம் வேண்டும். சட்டத்தை விடுங்கள், மாதம் முழுவதும் ஒரே கேன்டீனில் முகம் பார்க்கும் ஐந்து பேரின் பணத்தை ஒரு கெட்ட வாரத்தில் இழந்துவிட்டு எப்படிச் சாப்பிட உட்காருவீர்கள்?

மூன்றாம் கணக்கும் வேண்டாம். 2024க்கு இபிஎஃப் 6.30 சதவீத லாப ஈவு கொடுத்தது. நீங்கள் வருடத்துக்கு 50 சுற்று வியாபாரம் செய்தால் செலவு மட்டும் 1,050 வெள்ளி, 20,000இல் 5 சதவீதத்துக்கு மேல். அங்கே சும்மா கிடந்து 6 சம்பாதித்த பணத்தை எடுத்து, இங்கே 5 கட்டணம் கட்டிவிட்டு ஆரம்பிக்க வேண்டுமா?

20,000இல் முதலில் ஆறு மாத வீட்டுச் செலவைக் கணக்கிட்டு எஃப்டியில் வையுங்கள். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் அதுவே 12,000, 15,000 ஆகிவிடும். மிஞ்சும் 5,000ஐ வேண்டுமானால் ஒதுக்கலாம். ஆனால் 5,000க்கு 1 சதவீதம் 50 வெள்ளி, ஒரு சுற்றுச் செலவு மட்டும் 20 வெள்ளிக்குப் பக்கத்தில். இந்தச் சின்ன முதலில் இந்த முறை லாபம் தருவது மிகக் கடினம் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அதில் லாபத்தை எதிர்பார்க்காமல், நிஜப் பணம் இறங்கும்போது உங்களால் விதிப்படி விற்க முடிகிறதா என்று பார்க்க மட்டும், வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வியாபாரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் காகிதச் சோதனையை மறுபடி செய்யுங்கள். இம்முறை ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். பழைய விலைகளைக் கணினியில் போட்டு, கடந்த பத்து வருடத்தில் குலுக்கலாகத் தேதியும் கவுன்டரும் எடுத்து, 200 வியாபாரமாவது ஓட்டுங்கள். இன்று பட்டியலில் இல்லாமல் போன கவுன்டர்களையும் சேர்க்க முயலுங்கள். செத்துப்போனவற்றை விட்டுவிட்டால் டின்னில் பிழைத்தவை மட்டுமே இருக்கும், விடை அழகாகத் தெரியும். ஒவ்வொரு சீட்டுக்கும் பக்கத்தில் மூன்று எண் வேண்டும்: உங்கள் விதிப்படி விற்றால் என்ன கிடைத்தது, விற்காமல் ஒரு வருடம் வைத்திருந்தால் என்ன, அதே காலத்தில் குறியீடு என்ன செய்தது. மூன்றிலும் செலவைக் கழித்து எழுதுங்கள். முதல் எண் மற்ற இரண்டையும் தாண்டவில்லை என்றால், விதி உங்களுக்கு லாபம் தரவில்லை, நிம்மதியை மட்டும் தருகிறது. பெரிய சரிவு வராமல் காத்தால் அந்த நிம்மதிக்கும் ஒரு விலை உண்டுதான். எவ்வளவு விலை என்பது அந்த எண்களில் தெரியும்.

உங்கள் மனைவி சொன்னதில் பாதி சரி. அளவும் வெளியேறும் விலையும் இல்லாமல் குலுக்கி எடுத்தால் அது நாலு நம்பர்தான். மீதிப் பாதியை அவருக்குக் காட்ட ஒரு யோசனை. அடுத்த சோதனையில் சீட்டை அவர் எடுக்கட்டும். வாங்கும் முன்பே விற்கும் விலையையும் அளவையும் அவர் நோட்டில் எழுதி வைக்கட்டும். அந்த நோட்டில் இருக்கும் விலையை அவரைக் கேட்காமல் நீங்கள் மாற்றக்கூடாது. 200 வரிசையும் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா